கடிதத்தில் விடுபட்ட ஒரு சொல்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தொண்டை கெட்டுப்போனதும் அந்த வேலையை விட்டு, முப்பத்தெட்டு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கணினியிடம் கத்த வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

பரிசோதனை முடிவுகளைச் சொல்லும் கடிதங்கள் நோயாளிகளின் கைபேசிக்குப் போகும். வழியில் வேறு யாரும் படித்துவிடாதபடி அவற்றைப் பூட்டி அனுப்புவது டீச்சரின் பொறுப்பு. பூட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருந்தது. முதலில் சாவியைக் கொடுத்து அதைத் "தொடங்கு" என்று சொல்ல வேண்டும். பிறகு கடிதத்தைத் துண்டு துண்டாக ஊட்ட வேண்டும். எதுவரை வந்தோம் என்பதை அதுவே நினைவில் வைத்திருக்கும். பதினாறு பைட், அதாவது தமிழில் ஐந்தாறு எழுத்தளவு, சேர்ந்தால்தான் பூட்டி வெளியே விடும். மிச்சம் மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "முடி" என்ற கட்டளைக்காகக் காத்திருக்கும்.

புது ஏற்பாடு தொடங்கிய முதல் நாள், காலை பதினொரு மணிக்குப் பெண்கள் பிரிவு நர்ஸ் இறங்கி வந்தார்.

"டீச்சர், மேல ஒரு அம்மா போனைப் பார்த்துட்டு அழுதுக்கிட்டே இருக்காங்க. ஒண்ணும் பயமில்லைன்னுதான் டாக்டர் எழுதினாரு. வந்திருக்கிறதைப் பாருங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளில் கடைசி வரி, "புற்றுநோய்க்கான அறிகுறி" என்பதோடு நின்றிருந்தது. டாக்டர் எழுதிய மூலத்தில் அதற்குப் பிறகு "இல்லை" இருந்தது.

டீச்சர் கணினிப் பக்கம் திரும்பினார். முதலில் அனுப்புவதை நிறுத்தினார். பிறகு தன் நிரலை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கக் கடிதங்களுக்கு மட்டும் "முடி" எழுதியிருந்தார். ஒரு பக்கக் கடிதங்களுக்கு மறந்துவிட்டார். சோதித்துப் பார்த்ததெல்லாம் நீளமான கடிதங்கள்.

"யாரு பண்ணின தப்பு இது?" என்றார் நர்ஸ்.

"நான்தான். அவங்க எங்க இருக்காங்க, காட்டுங்க."

மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் டாக்டரின் மூலக் கடிதத்தையே நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார்.

"அந்த ஒரு வார்த்தை எங்கதான் போச்சு?"

"எங்கேயும் போகலம்மா. உள்ளேயே உட்கார்ந்திருந்துச்சு. வெளிய வான்னு நான் சொல்லல. மன்னிச்சுக்கோங்க."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். பத்து தடவை கூப்பிட்டாத்தான் சாப்பிட எழுந்து வருவாரு."

நர்ஸ் முதலில் சிரித்தார். பிறகு மூவரும் சிரித்தார்கள்.

அன்று அப்படிக் குறைந்து போனவை இன்னும் ஏழு கடிதங்கள். டீச்சரே ஒவ்வொருவரையும் போனில் அழைத்துக் கடைசி வரியைப் படித்துக்காட்டினார். அதன் பிறகு நிரலைத் திருத்தினார். "முடி" சொல்லாத கடிதம் இனி வாசலைத் தாண்டாது. ஒரு கடிதம் முடிந்ததும் புதுச் சாவியோடு மறுபடி தொடங்காமல் அடுத்ததை உள்ளே வாங்காது. ஒற்றை வரிக் கடிதம், ஒற்றைச் சொல் கடிதம், வெற்றுக் கடிதம் என்று அனுப்பி அனுப்பிப் பார்த்தார். எல்லாம் குறையில்லாமல் போய்ச் சேர்ந்தன.

மூன்றரை மணிக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இன்னும் சாப்பிடலையா?" என்றார். டீச்சர் திரையை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தார். நல்ல பசி.