கோயில் கிணற்றுக்காக நான் பிடித்த பிடிவாதம்

1. செவ்வாய்க்கிழமை வந்த போத்தல்

கொழும்பில் தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் லாப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இப்போது சீனியர் கெமிஸ்ற். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மெஷின் பழக்குவது என் பொறுப்பு. மெஷினைப் பற்றி மனுவலில் இருக்கிறது. மனுவலில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அது என் பிழை ஒன்றின் கதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்த பெட்டியில் மூன்று போத்தல்கள் இருந்தன. சோதனைக்குப் பணம் கட்டியது கனடாவில் இருக்கும் ஓர் ஊர்ச்சங்கம். ஊரில் குடிதண்ணீர்த் திட்டம் போடமுன் கிணறுகளைச் சோதிக்கக் கேட்டிருந்தார்கள். மூன்றாவது போத்தலின் லேபிளைப் படித்தபோது என் கை நின்றது. எங்கள் ஊர்க் கோயில் கிணறு.

எங்கள் ஊர் வேலணைத் தீவில் இருக்கிறது. சுற்றிவரக் கடல். பாதிக் கிணறுகள் உவர். கோயில் கிணறு மட்டும் இனிப்பு. ஊர் முழுக்க அங்கேதான் அள்ளும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் ஒரு பிளாஸ்ரிக் கான் நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் பிளாற் வீட்டில் அதில் தேத்தண்ணி வைத்துக் குடித்தால், நாலைந்து நாளைக்கு ஊரில் இருப்பதுபோல இருக்கும். லாப்பில் என்னோடு வேலை செய்யும் நுவன் என்ற சிங்களப் பொடியன் பகிடி பண்ணுவான். "அக்கே, உங்க தீவில குடிக்கிறதும் உப்பு, குளிக்கிறதும் உப்பாமே?" ஒரு நாள் கிளாசில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அது எனக்குப் பெரிய வெற்றி.

மனேஜர் மிஸிஸ் ஜோசப் கொழும்பில் பிறந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணப் பட்டினத்தவர். அவர் லேபிளைப் பார்த்தார்.

"சாந்தி, இது உம்மடை ஊரெல்லே? அப்ப நீர் தொட வேண்டாம். நுவன் செய்யட்டும்."

"இல்லை மிஸிஸ், நான் செய்யிறன். எனக்குத் தெரிஞ்ச தண்ணி."

"தெரிஞ்ச தண்ணி எண்டபடியாத்தான் சொல்லுறன்."

ஆனாலும் விட்டுவிட்டார். தீவாருக்கு ஊர்ப்பற்று கொஞ்சம் அதிகம் என்று சிரித்துக்கொண்டு போனார்.

2. புதன்கிழமை

மற்ற இரண்டு கிணறுகளிலும் உப்பு அதிகம், நைத்திரேற்று எல்லைக்குள். கோயில் கிணற்றில் உப்பே இல்லை. நைத்திரேற்று மட்டும் எல்லையின் இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது.

மெஷின் சரியா என்று பார்க்கும் பிளாங்க் சரி. ஸ்ராண்டர்ட் சரி. அதே தண்ணீரை இன்னொரு தரம் டூப்ளிகேற்றாக ஓடவிட்டேன். அதே எண். சோதனையில் பிழை இல்லை என்று அப்போதே தெரியும். கோயிலைச் சுற்றி வெங்காயத் தோட்டத் தறையும் புகையிலையும். வருடக்கணக்காகப் போட்ட உரப் பசளையின் நைத்திரேற்று மழையோடு நிலத்துக்குள் இறங்கினால் கிணற்றுக்குத்தான் வரும். நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. இதையெல்லாம் நானே புதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

ஆனாலும் மிஸிஸ் ஜோசப்பின் மேசைக்குப் போய் இப்படிச் சொன்னேன்:

"சாம்பிள் எடுத்ததில பிழை மிஸிஸ். பசளைப் பை கிடந்த இடத்தில போத்தலைக் கழுவியிருப்பினம். திருப்பி எடுக்கச் சொல்லுவம்."

"உமக்கு நிச்சயமே?"

"ஓம். அந்தக் கிணறு அப்பிடியில்லை."

இருபத்திரண்டு வருடத்தில் நான் பிழையாக ஒன்று சொன்னதில்லை. "சரி, றிப்போட்டை நிப்பாட்டுறன். திங்கட்கிழமைக்கிடையில புதுச் சாம்பிள் வரவேணும்" என்றார்.

அந்த எண்ணை நுவன் பார்த்துவிடக் கூடாது என்று பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

3. அண்ணையின் போன்

சாம்பிள் எடுத்தது என் அண்ணை சிவம். ஊரில் தண்ணீர்க் கமிற்றித் தலைவர் அவர்தான். வியாழன் பின்னேரம் கோல் எடுத்தேன்.

"அண்ணை, திருப்பி ஒருக்கா எடுத்து அனுப்புங்கோ. போத்தலைக் கிணத்துத் தண்ணியாலை மூண்டு தரம் அலசிப்போட்டு நிரப்புங்கோ."

"நான் முதலும் அப்பிடித்தானே எடுத்தனான். ஏன், என்னவும் பிழையோ?"

"ஒண்டுமில்லை. வழக்கமா ரெண்டு தரம் பாக்கிறதுதான்."

பொய் சொன்னேன். றிசல்ட்டைப் பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு, அதாவது சங்கத்துக்கு, மட்டும்தான் சொல்லலாம் என்ற விதியை எனக்கு நானே சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். அந்த எண் பிழையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். உண்மையான காரணம் அதுதான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஐஸ் பெட்டி வந்தது. திறக்கமுன் அண்ணை கோல் எடுத்தார்.

"வந்திட்டுதோ?"

"ஓம் அண்ணை, இப்பதான். வீட்டில எல்லாரும் சுகமோ?"

"என்னத்தைச் சொல்லுறது. கீர்த்தனாவின்ரை பிள்ளைக்குத்தான் ஏலாமக் கிடக்கு. மூண்டு நாளா பால் குடிக்கிறது குறைவு. உதடும் ஒரு மாதிரி நீலம் பாரிச்சுக் கிடக்கு. குளிராக்கும் எண்டு சுத்தி வைச்சிருக்கு."

கீர்த்தனா அண்ணையின் மகள். பிள்ளைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் காணாமல் பால்மாவும் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்தத் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"அண்ணை, மாவை எந்தத் தண்ணியில கரைக்கிறவை?"

"வேறை எது? கோயில் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறவள்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அதைக் குடித்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவிச் செல்ல முடியாமல் போகும். முதலில் உதடுதான் நீலமாகும்.

போனைப் பிடித்தபடியே மிஸிஸ் ஜோசப்பின் அறைக்கு ஓடினேன்.

"முதல் றிசல்ட் சரி மிஸிஸ். நான்தான் பிடிவாதம் பிடிச்சனான். அங்கை ஒரு பிள்ளை குடிக்குது."

"விதியைப் பிறகு பாப்பம். இப்பவே சொல்லும்."

போனைக் காதில் வைத்தேன். "அண்ணை, கோயில் தண்ணி ஒரு சொட்டும் குடுக்க வேண்டாம். பிள்ளையை இப்பவே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. கிணத்தில நைத்திரேற்றுக் கூட எண்டு டொக்ரரிட்டைச் சொல்லுங்கோ."

அண்ணைக்குக் கோபம் வந்தது. "எங்கடை கிணத்துக்கே குற்றம் சொல்லுறியோ? கொழும்பில இருக்கிறபடியா ஊர்த் தண்ணி நஞ்சாப் போச்சோ?"

"பிறகு ஏசுங்கோ. முதல் ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஓட்டோவைக் கூப்பிடும் அவரின் குரலோடு போன் அறுந்தது.

புதுச் சாம்பிளை நுவனிடம் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் அவன் பேப்பரைக் கொண்டுவந்து வைத்தான். அதே எண். அவன் பகிடி பண்ணவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

பின்னேரம் நான்கு மணிக்கு அண்ணை கோல் எடுத்தார். பிள்ளைக்கு ஒட்சிசன் வைத்து மருந்து ஏற்றியிருந்தார்கள். நிறம் திரும்பத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்லத் தெரியாது என்று டொக்ரர் சொன்னாராம். பிறகு அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

அவர் போனை வைத்துவிட்டார்.

4. கோயில் மண்டபம்

அடுத்த கிழமை லீவு போட்டு ஊருக்குப் போனேன். மண்டபத்தில் கூட்டம். நாற்பது ஐம்பது பேர். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து சுகமாக இருந்தது. கீர்த்தனா அதை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள்.

தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். "உந்த றிப்போட் வெளியில போனால் எங்கடை வெங்காயத்தை ஆர் வாங்குவினம்? ஊரின்ரை பேரைக் கெடுக்கத்தான் உன்னைப் படிப்பிச்சு விட்டதோ?"

பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். அதை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்.

"ஐயா, ஊரின்ரை பேரைக் காப்பாத்தத்தான் நான் அஞ்சு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான். அந்த அஞ்சு நாளும் இந்தப் பிள்ளை அதைத்தான் குடிச்சது. குற்றம் சொல்லுறதெண்டால் அதுக்குச் சொல்லுங்கோ."

என் அண்ணைதான் முதலில் பேசினார். "கைக்குழந்தையளுக்கும் பிள்ளைத்தாச்சியளுக்கும் இனிப் பவுசர் லொறியில வாற தண்ணி. நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போவம். தறையில பசளை போடுறதையும் கதைக்கவேணும்." கீர்த்தனா எழும்பி வந்து பிள்ளையை என் கையில் தந்தாள். அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் எங்கள் தீவைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் சண்டைக்குப் போவேன். அது மாறவில்லை. வேலையில்தான் ஒன்று மாறியது. குடிதண்ணீரில் எல்லை தாண்டிய எண் வந்தால், திருப்பிச் சோதிக்கமுன்னமே அன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போன் பண்ணவேண்டும் என்று லாப்பில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரியை எழுதக் கேட்டது நான்தான். பிறகு அந்த எண் பிழை என்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்கலாம். வெட்கம்தான் மிச்சம். சரியான எண்ணைப் பிழை என்று மறைத்தால் அப்படி ஒரு வழி இல்லை. உங்கள் ஊர்ப் போத்தல் மேசைக்கு வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.