கை நனைக்காமல் போனவர்

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. பிறகு யார் தலைகீழாக நின்றாலும் பின்வாங்க முடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்களுக்கு ஒருநாளும் பசித்திருக்காது.

என்னைப் பார்க்கப் போடிப் பக்கமிருந்து வந்தபோது எல்லாம் பேசி முடித்த மாதிரிதான் இருந்தது. அந்தத் தைரியத்தில் அப்பா காலையிலேயே ஒரு விடைக்கோழியை அறுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. மலைக்காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் தேறி வருகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"காரத்த அள்ளிப் போட்றாத ஆத்தா. காய்ச்ச கண்ட வயிறு தாங்காது," என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுக் காரம் மூக்கைச் சிந்த வைக்கும். அன்று மிளகாயை ஒதுக்கிவிட்டு, மிளகும் சீரகமும் மல்லியும் வறுத்து, சின்ன வெங்காயத்தோடு அம்மியில் மையாக அரைத்தேன். தேங்காய் சேர்க்கவில்லை. கறியை நல்லெண்ணெயில் வதக்கி, தண்ணீரைத் தாராளமாக விட்டு, மண்சட்டியில் கொதிக்க வைத்தேன். சோற்றில் ஊற்றினால் ரசம்போல் இறங்க வேண்டும். கம்பங்கூழ் குடிக்கிற வீட்டில் அன்றைக்கு நெல்லுச்சோறு. முகம் தெரியாத ஒருவரின் வயிற்றை நினைத்துச் சமைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

வந்தார்கள், பார்த்தார்கள். ஆள் ஒல்லி, கண் மட்டும் பெரிது. எனக்குப் பிடித்திருந்தது. சோறு வடித்து, இலை நறுக்கி வைத்த பிறகு அவருடைய தாய்மாமன் புதிதாக ஒன்றைக் கிளப்பினார்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குறதுதான் எங்க வழக்கம். எங்க பிள்ளைய உங்க மகனுக்குக் கட்டிக்கிருங்க."

என் அண்ணனுக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். அப்பா முடியாது என்றார். அவர்களும் இறங்கி வரவில்லை. நான் அடுப்படியில் நின்று ஆறிப்போன குழம்பை மறுபடியும் சுட வைத்தேன். கடைசியில், "அப்ப நாங்க கெளம்புறோம்," என்ற குரல் கேட்டது.

வண்டி பூட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை கொல்லைப் பக்கம் வந்தார்.

"இங்கன குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீகளா?"

செம்பைக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுப்பைப் பார்த்தார்.

"மிளகு அரச்சு வச்சீகளா? வாசம் வாசல் வரைக்கும் வருது."

"ஆமா. காய்ச்சலுன்னு சொன்னாக," என்றேன்.

அவர் செம்பைத் தராமல் நின்றார். 'ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். பெண்பிள்ளை சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார் என்றே இன்றைக்கும் தோன்றுகிறது. ஒரு கவளம் உள்ளே போயிருந்தால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வாயை மூடிக்கொண்டு நாள் குறித்திருப்பார்கள். அதற்குள் வண்டியிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பிறகு எனக்கு வாய்த்தவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையிலேயே கிடக்கிறது.

அன்று பொழுது சாய, அந்தச் சோற்றை எங்கள் வீட்டார்தான் சாப்பிட்டார்கள். அப்பா ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தா இது, சப்புன்னு இருக்கு?"

"உங்களுக்கு வச்ச குழம்பு இல்லப்பா," என்றேன்.