அண்ணன் தம்பிக்கு ஒரே மாதா படம்

ஆளைப் படமெடுத்தால் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லலாம். படத்தையே படமெடுக்கிற தொழிலில் வேர்த்து வழிவது நாம் மட்டும்தான். கண்ணாடி போட்ட சாமி படத்தைக் காப்பி எடுத்தவர்களுக்கு என் பாடு புரியும். மந்தாரக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தபோது எனக்கு வாய்த்தது ஒரு மாதா படம்.

கண்ணாடிக்குள் ஒரு மீசை

கொண்டுவந்தவர் சகாயமேரி அக்கா. மாமனார் இறந்தபின் அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணியும் கொழுந்தன் தாஸும் தனித்தனியாகப் போய்விட்டார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் பிரித்தாகிவிட்டது. மாமனார் கும்பிட்ட மாதா படத்தை மட்டும் இருவருமே விடவில்லை. பேச்சுவார்த்தையே நின்றுபோனது. கிறிஸ்துமசுக்குள் அச்சு அசலாக இன்னொன்று வேண்டும் என்றார் அக்கா.

புது டிஜிட்டல் கேமரா வாங்கிய ஜோரில், கண்ணாடியைக் கழற்றாமலே எடுத்துத் தள்ளினேன். பிரிண்டை வாங்கி உற்றுப் பார்த்த அக்கா கேட்டார்: "மாதா தோள்கிட்ட நீங்க எதுக்கு தம்பி நின்னுகினு இருக்கீங்க?"

குளித்து வந்த மாதா

மறுநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசல் நிழலில் வைத்து எடுத்தேன். அருமையாக விழுந்தது! பல வருட மெழுகுவத்திப் புகையைக் கம்ப்யூட்டரில் நீக்க நீக்க, பழுப்பாக இருந்த மேலாடை பளீரென்று நீலமானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை டீ மாஸ்டரை இழுத்து வந்து காட்டினேன்.

அக்காவின் முகம் மட்டும் வாடிவிட்டது. துடைத்த புகையையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து நான் திரும்ப ஏற்றியது அவர் சொன்ன இந்த ஒரு வரிக்காகத்தான்: "அழகாத்தான் இருக்குது தம்பி, ஆனா இது எங்க வூட்டு மாதா இல்ல."

பழைய சட்டம், புதுச் சட்டம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் தம்பி இருவரையும் அக்கா கூட்டிக்கொண்டு வந்தார். காப்பிக்குப் புதுச் சட்டம் போட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் வேலைக்கு என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது! ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பழைய சட்டத்தின் மேல் கை வைத்தார்கள்.

"மூத்தவன் நானு" என்றார் அந்தோணி. "கடைசி வரைக்கும் அப்பாவப் பாத்துகினது யாரு?" என்றார் தாஸ். அக்கா என் பக்கம் திரும்பி, "ரெண்டையும் கழட்டி மாத்திப் போடுங்க தம்பி" என்றார். பழைய சட்டத்தில் புதுப் படத்தையும், புதுச் சட்டத்தில் பழைய படத்தையும் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தேக்குச் சட்டம் மாமனாரே இழைத்துச் செய்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தோணி அதைத் தடவிக்கொண்டே நின்றார். தாஸ் பழைய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அக்கா முடித்து வைத்தார்: "ஆளுக்குப் பாதி அசலு. மீதியப் பாக்கணும்னா ஒருத்தரு வூட்டுக்கு ஒருத்தரு போய்த்தான் ஆவணும்."

யாரோ வரைந்த ஓவியத்துக்கு எவரோ போட்ட அச்சுதான் அந்த 'அசல்' என்னும்போது, அதற்கு இன்னொன்று போட நான் ஏன் அப்படி வேர்த்து வழிந்தேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.