பெத்தனின் எறும்பு வீடு

"புதுவயல் மில்லுல ஒருத்தன் எறும்புக்கு வாடகையில்லாம வீடு விட்டிருக்கானாம். அவன் பேரைச் சொன்னா கடிக்க வந்த எறும்பும் திரும்பிப் போயிருமாம்." பினாங்கில் எங்கள் கடைக்கு வந்த காசிவிஸ்வநாதன் சொன்னார். அவருக்குச் சொன்னது இளையாத்தங்குடியிலிருக்கும் அவர் மைத்துனராம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஒருத்தரைத் தெரியும்.

பெத்தன் அரிசி மில்லில் மூட்டைக்கு வாய் தைப்பவர். மில்லுக்குப் பின்னால்தான் குடியிருப்பு. ஒருநாள் எறும்புக்கு மருந்து தூவியபோது, இறக்கை உதிர்ந்த ராணிக் கட்டெறும்பு ஒன்று மூட்டையோரம் தப்பி நின்றதாம். "பாவமா முழிச்சுச்சு தம்பி" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதன் குஞ்சுகுளுவான்களை முதலில் வைத்தது மண்ணெண்ணெய் டின்னில். எத்தனை கழுவியும் வாடை போகவில்லை, பாதி செத்தன. பிறகு ஒரு ஜாடியில் விட்டுச் சாக்குத்துணியால் மூடினார். அந்தச் சாக்கிலும் மில் மருந்து! அழகி, அவர் மனைவி, கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கண்மாய்க் களிமண், ஏறி வெளியே வராமலிருக்க வாயோரம் தேங்காயெண்ணெய். அதில் பிழைத்தன.

"கட்டுனவளுக்கு ஒரு அடுப்படி கட்ட வக்கில்ல, எறும்புக்கு மாடி வீடு" என்பாள். சர்க்கரைத் தண்ணியில் பஞ்சு நனைத்து வைப்பதும் அவள்தான்.

1968இல், போன லீவில் நான் ஊருக்குப் போனபோது மழை. பாட்டிலுக்குள் வேர்த்துப் பூஞ்சை பிடித்திருந்தது. "என்ன செய்யலாம் தம்பி?" என்றார்.

"நம்ம ஊர்ச் சுவரைப் பாருங்கண்ணே. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். ஈரத்தை இழுத்துக்கும், வழவழன்னு இருக்கும். செங்கல்லைக் குடைஞ்சு பூசுங்க."

"நீங்க ரெண்டு பாஷை படிச்சவுக. சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இன்று காலை அவர் கடிதம் வந்தது. மில் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்தது. "பூசி முடிச்சாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் காஞ்சிரும். அன்னைக்கு ராகுகாலத்துக்கு முன்னாடி குடியேத்துறேன். அழகி பால் காய்ச்சணுங்கிறா."

அவர் சொன்ன வெள்ளிக்கிழமை இன்றுதான்.

பக்கத்துக் கடையில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த சின்னக்கருப்புவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கரணையைக் கீழே வைத்துவிட்டுத் தோலுரிந்த உள்ளங்கையைக் காட்டினார். "பத்து நாள்ல மேலாக்கத்தான் காயும். உள்ளே பச்சைச் சுண்ணாம்பு. என் கையே இப்படி வெந்திருக்கு. எறும்பு என்னத்துக்கு ஆகும்? மாசக்கணக்குல ஆறவிடணும்ல?"

சுவரைப் பார்த்துத்தான் வளர்ந்தேன்; பூசியதில்லை.

மில்லுக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைத்தபோது ஊரில் மணி பத்தே கால். ராகுகாலத்துக்கு இன்னும் கால் மணி நேரம். "மில்லுல மணி அடிக்குது சார், யாரும் எடுக்கலை" என்றது மெட்ராஸ் ஆபரேட்டர் பெண்ணின் குரல். மெஷின் ஓடும் நேரம்; காது கேட்காது.

"விட்டுறாதீங்கம்மா, அடிக்கட்டும்" என்றேன்.

அடித்துக்கொண்டிருக்கிறது.