ஷெட்டில் தொங்கிய ஹெல்மெட்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அந்தமானில் பெரார்கஞ்ச் பக்கம் திறக்கவிருந்த புதிய கல் குவாரிக்கு டிரைவரே இல்லாமல் ஓடும் டிப்பர் லாரிகளைத் திட்டமிடுவது என் வேலை. "ஆளில்லாத வண்டி ஆள்மேல ஏறாதா சார்?" என்று கேட்டவர்கள்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஒரு சிப் இருக்கும். அது கிட்டே வந்தால் வண்டி தானாக நிற்கும். வருகைப் பதிவும் அதே சிப்தான். கேமராவும் வைக்கலாம் என்றார்கள். மழையில் சேறு அப்பிக்கொள்ளும், வேண்டாம் என்று திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன்.

பழைய குவாரியில் சோதனை ஓட்டம் நடந்தது. அங்கே டிரைவராக இருந்தவர் என் அக்கா புருஷன். மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளில் யாராவது ஒருவர் நைசாகத் துறைமுகத்துக்குப் போய், எல்லாருக்கும் வந்த பார்சலை வாங்கி வருவது அங்கே வழக்கம். சோதனை ஓட்டத்தன்று கப்பல் வந்தது, அவர் முறை. அம்மா எனக்கு அனுப்பிய மாவடு ஜாடியும் அந்தக் கப்பலில் வந்திருந்தது.

"மச்சான், ஹெல்மெட்ட ஷெட்லயே மாட்டிட்டுப் போங்க. நீங்க இங்கனதான் இருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும்" என்றேன்.

"சரியான கேடி மாப்ள நீ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ஜாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஷெட்டுக்குப் போக வண்டிப் பாதையைக் குறுக்கே கடந்தார். ஆளில்லாத டிப்பர் அவர் முதுகுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த திரையில் எல்லாம் பச்சை. அலறல் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். சிவப்பு பட்டனை அழுத்துவதற்குள் சக்கரம் அவர் முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றிருந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடப்பாரையை எடுத்து அந்த வண்டியின் கண்ணாடியை நொறுக்கினேன். யாரோ இருவர் என்னைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மச்சானின் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். "ஹெல்மெட் போடாதது அந்த ஆளோட தப்பு. அப்படியே எழுது, புது குவாரி நிக்கக் கூடாது" என்றார் முதலாளி. நானும் எழுதினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தத் தாளோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "எந்த நாய் உங்கள ஹெல்மெட் இல்லாமப் போகச் சொன்னது?"

"நானேதான் கழட்டுனேன். போதும், விடு" என்றார் மச்சான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கட்டிலருகே போனேன். "நான்தான்க்கா சொன்னேன்."

கையிலிருந்த டிபன் கேரியரால் என் நெற்றியில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் தடுக்கவில்லை.

"அவனை அடிக்காதடி" என்று கட்டிலிலிருந்து எழப் பார்த்தார் மச்சான். இல்லாத காலை ஊன்றப் போய்ச் சரிந்தார். நாங்கள் இருவரும் ஓடிப் பிடித்தோம்.

அவரைப் படுக்க வைத்து நான் கட்டிலோரம் உட்கார்ந்தபின், என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை அக்கா உருவி வாசித்தாள். கிழிக்கவில்லை. திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி என் மடியில் போட்டாள்.

"நடந்தத எழுதுடா" என்றாள்.