தாடி வளர்த்த ரோமானியர்கள்

எங்கள் வீட்டு ரோமாபுரியில் எல்லாரும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். நாங்கள் வெளிநாட்டில் குடியிருந்த சன்னிவேலின் நூலகத்திலிருந்து அப்பா எடுத்துவரும் துப்பறியும் நாவல் என்னவோ இங்கிலீஷில்தான் இருக்கும். அவர் வாயால் வரும்போது மட்டும் சீசர் காலத்து விதவை, "ஏனுங்க, எம்புருசன எவனோ கொன்னுபோட்டானுங்க" என்று மார்பில் அடித்துக்கொள்வாள். துப்பறிகிறவன் ஒரு காலை இழுத்து நடக்கும் முன்னாள் அடிமை. அவன் முகம் மட்டும் எப்படியோ அப்பாருவின் முகமாக இருந்தது எனக்கு. அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. ஊரில் இருந்தார். கோடை லீவுக்கு அவரைப் பார்க்கப் போவதற்காக என் பெட்டி அப்போதே பாதி அடுக்கியிருந்தது. மேலாக, அவருக்கென்று வாங்கிய ஒரு டார்ச் லைட்.

எனக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும்; பதில் இங்கிலீஷில் போகும். சாப்பாடு முடிந்ததும் அப்பா கார்ப்பெட்டில் சுவரோரம் சாய்ந்து கதை சொல்வார். ஓரிடத்தில், சந்தைக் கூட்டத்துக்குள் துப்பறிகிறவன் ஒருத்தனைப் பார்த்த மாத்திரத்தில், இவன் வீட்டில் சாவு என்கிறான். எப்படி? தாடி. துக்கத்தில் ரோமானியர்கள் சவரம் செய்துகொள்வதில்லையாம். அப்பா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். நம் ஊரில் எப்படி என்று சொல்லவில்லை. அதற்கு என்ன அவசரம், அன்றைக்கு?

அந்த வாரமே ஒரு காலையில் போன் வந்தது. அப்பா ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போக, தன் சித்தப்பா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீயே வெச்சுரு தம்பி. என்னால வர முடியாது." எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. க்ரீன் கார்டு பாதி வழியில் நிற்க, கோடைக்குள் வரவேண்டிய அனுமதி வராமல் விமானம் ஏறினால் திரும்ப முடியாது என்பதும், ஒரே மகன் இங்கே நிற்க அங்கே வேறொரு கை கொள்ளி வைத்தது என்பதும் பின்னால் தெரிந்தவை. அம்மா சமையலறைக்குள் குரலை இறக்கி, "பாப்பாகிட்ட இப்ப வேண்டாங்க, பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

ஒளித்தால் சும்மா இருப்பேனா? ஒரு காலை இழுத்து இழுத்து வீடு முழுக்க நடந்தேன். அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து அபார்ட்மெண்ட் ஆண்ட்டி அலுமினியத் தட்டில் தயிர்சாதம் கொண்டுவந்தார். அப்பா ஆபீஸ் போகவில்லை. எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. யாரோ செத்திருக்கிறார்கள். யார்? பெட்டியைத் திறந்து டார்ச் லைட்டைப் பார்த்துவிட்டு மூடினேன்.

அதற்குள் ஆண்ட்டி வீட்டு அங்கிள் முடி வெட்டும் மெஷினோடு வந்து அப்பாவைக் குளியலறைக்குள் கூட்டிப்போனார். மெஷின் இரைந்தது. நின்றது. தண்ணீர் ஓடியது. அப்பா வெளியே வந்தார். தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை. கழுவி வைத்த பாத்திரம் மாதிரி முகம் பளபளத்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "நோபடி டைடு! அப்பா ஷேவ் பண்ணிட்டாங்க! கேஸ் க்ளோஸ்டு!" என்று குதித்தேன்.

ஆண்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா என் முன்னால் மண்டியிட்டு, அந்தப் புது முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்தார்.

"ஆமா அம்மிணி. கரெக்டாக் கண்டுபுடிச்சுட்ட. யாரும் சாகல."

அந்தப் புத்தகத்தை முடிக்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார். நானும் கேட்கவில்லை. பள்ளியில் எரிமலைப் பாடம் ஆரம்பித்திருந்தது. ரோமாபுரி எனக்குப் பழசாகிவிட்டது. அப்பாவுக்கு மீசை திரும்ப வந்தது. கூடவே தாடியும் வந்தது. அடர்ந்தது, கழுத்து வரை இறங்கியது. "ஏனுங்க, ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க, வழிச்சுப்போடுங்க" என்று அம்மா தினமும் சொல்வாள். அவர் சாப்பாட்டு மேஜையில் எனக்கு நேர் எதிரே, விளக்கு முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்குச் செய்த எரிமலைக்கு நான் சிவப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மிணி, அந்தக் காலு நொண்டற ஆளு இப்ப இந்த வீட்டுக்குள்ள வந்தான்னு வையி. என்னயப் பாத்து என்ன சொல்லுவான்?" என்றார். கேட்டுவிட்டுக் கன்னத்தை என் கன்னத்தோடு வைத்து, அப்படியே இருந்தார்.

"இட்ஸ் ப்ரிக்லி, அப்பா. குத்துது. தள்ளிப் போங்க."

தள்ளிப்போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிளேடு சுரண்டும் சத்தம், நிறுத்தி நிறுத்தி. நான் பெயிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து, லீவில் அப்பாருவுக்குக் கொடுக்கவேண்டிய டார்ச் லைட் எரிகிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

நன்றாக எரிந்தது.