மேம்பாலத்துக்கு நாலு பேட்டரி

என் கரண்டு வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், உதைத்துக் கிளப்பவும் வேண்டாம். அந்த மூன்றாவது சங்கதிக்காகத்தான் வாங்கினேன். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவள் நான். வண்டியின் பின்னால் இரண்டு பக்கமும் சிறு சக்கரம் பொருத்திக் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கு அப்புறமான வருஷங்கள் அவை. அந்த மாதிரி வண்டி பெங்களூர்த் தெருக்களில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கிறேன் என்று அல்சூர் மார்க்கெட்டில் என்னைத் திட்டாத ஆளில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரை பாவம் என்று ஒதுங்கித்தான் வழி விட்டிருக்கிறார்கள்.

வண்டி வருவதற்கு முன் என்னைக் கோரமங்களா ஆபீசில் கொண்டுபோய் விட்டவர் அண்ணன். அவர் ஆட்டோ ஓட்டினார், நான் அந்த ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஏர்போர்ட் சவாரி கிடைத்த அன்றைக்கு நான் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கும் அண்ணிக்கும் சண்டை என்றால் வழி முழுக்க அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். முப்பது தாண்டிய ஒருத்தி எத்தனை காலத்துக்குப் பார்சல் மாதிரி போய் வருவாள்?

வண்டிக்குள் நாலு பேட்டரி, ஒன்றோடொன்று வரிசையாகக் கோத்தவை. ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடின. பிறகு ஒரு சாயங்காலம், வீட்டுக்குத் திரும்பும்போது, தொம்மலூர் மேம்பால ஏற்றத்தில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. விற்ற கடைக்காரர் அதற்குள் கடையைக் காலி செய்திருந்தார். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வந்து ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துப்போனார். இந்திராநகர் நூறடி ரோட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

பேட்டரி பார்ப்பதற்கு எங்கள் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு முனைகளையும் ஒயரால் சட்டென்று தொட்டு எடுப்பார்கள். பொறி பறந்தால் நல்லது, பறக்காவிட்டால் செத்தது. அண்ணனும் அப்படியே பார்த்தார். மூன்றில் பொறி பறந்தது, ஒன்று மந்தம். மந்தத்தைக் கழற்றிவிட்டுப் புதிது ஒன்றைப் போட்டார். மூன்று கிழவர்களுக்கு நடுவே ஒரு மாப்பிள்ளை. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதே மேம்பாலம், அதே கயிறு.

"போதும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை இத்தக் குஜரிக்காரன்கிட்ட பழைய இரும்பா எடைக்குப் போட்ருலாம். நான் இருக்கேன்ல, கொண்டாந்து உடமாட்டனா?" என்றார்.

"நீ இருக்கறதாலதாண்ணா இதை வாங்கினேன்."

அண்ணி உள்ளே போய்ச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

நாலு பேட்டரியையும் தரையில் வைத்து, ஆட்டோ ஒயரிங் பார்க்க அண்ணன் வைத்திருந்த வோல்ட் மீட்டரை எடுத்து உட்கார்ந்தேன். சும்மா இருக்கும்போது நாலும் பன்னிரண்டுக்கு மேல் காட்டின. கல்யாண வீட்டு ஆண்பிள்ளைகளும் இப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள், பந்தி பரிமாறக் கூப்பிட்டால்தான் யார் யார் என்று தெரியும். சரி, வேலை கொடுத்துப் பார்ப்போம் என்று ஆட்டோ ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒவ்வொன்றிலும் மாட்டி எரியவிட்டேன். புதிதில் முள் அசையவில்லை. பழைய மூன்றும் ஆளுக்கொரு அளவில் இறங்கின. அதில் ஒன்று, கிணற்றில் விழுந்த வாளி மாதிரி மளமளவென்று போனது.

அப்போதுதான் விளங்கியது. நாலும் ஒரே கோவையில் இருக்கின்றன. ஒன்று படுத்தால் மற்றவையும் நின்றாக வேண்டும். சார்ஜ் போட்டாலும் ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று அரை வயிற்றோடு கிடக்கும். பொறி ஒரு நொடி சமாசாரம். என் மேம்பாலம் ஒரு நொடியில் ஏறி முடிகிற பாலமில்லை.

வெள்ளிக்கிழமை சிவாஜிநகரில் பேட்டரிக் கடை பாயிடம் போனேன். என் அளவில் இருக்கிற புதுப் பேட்டரி அத்தனையையும் சார்ஜில் போட்டு வையுங்கள், நாளைக்கு வந்து பொறுக்கிக்கொள்கிறேன் என்றேன்.

"பொறுக்கறதுக்கு இது இன்னா கத்திரிக்காயாம்மா? அல்லாம் ஒரே கம்பெனி மால்."

"கத்திரிக்காய் சொத்தையா இருந்தா குழம்புதான் போகும் பாய். இது சொத்தையா இருந்தா நான் நடுப்பாலத்துல நிப்பேன்."

மறுநாள் காலை, போணி ஆகிற நேரத்தில், கடை வாசலை மறித்து உட்கார்ந்தேன். பல்பை மாட்டுவது, எரியவிடுவது, முள் எங்கே வந்து நிற்கிறது என்று அந்தப் பேட்டரி மேலேயே சாக்பீசால் எழுதுவது. பாய் இரண்டு தடவை டீ வரவழைத்துக் குடித்தார், எனக்குத் தரவில்லை. அண்ணன் கூச்சத்தில் ஆட்டோவைத் துடைப்பதுபோல் நின்றிருந்தார். பழக்கதோஷம் விடாமல் ஒயரை எடுத்து ஒன்றைத் தொட்டார். பெரிய பொறி பறந்தது.

"இத்த எடும்மா. சிங்கம்!"

மீட்டரிலும் அதுதான் முதலாவது. அதையும் அதற்கு அடுத்ததையும் ஓரமாகத் தள்ளி வைத்தேன். நடுவில் ஒரே எண்ணில் வந்து நின்ற நாலை எடுத்துக்கொண்டேன்.

"நல்லத உட்டுட்டு சுமாரா இருக்கறத எடுக்கறியே, மூள கீள கொழம்பிடுச்சா?"

"சிங்கம் தனியா இருக்கட்டும்ணா. எனக்கு ஒண்ணா இழுக்கற நாலு போதும்."

"நின்னுச்சுன்னா அன்னிக்கே குஜரி. அப்புறம் பேசக்கூடாது."

"பேசமாட்டேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை போனதில் வம்பில்லை. சாயங்காலம்தான் பரீட்சை, வண்டி இரண்டு தடவையும் நின்றது திரும்பும்போதுதான். மேம்பால ஏற்றத்தில் பாதி போனதும் பார்த்தேன், ஓரமாக அண்ணனின் ஆட்டோ. பின்சீட்டில் கயிறு சுருட்டிக் கிடந்தது. வண்டியின் பேட்டரி முள் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. அண்ணன் கையைக் காட்டி, "நில்லும்மா" என்று கத்தினார். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்பத்தான் பேட்டரிக்கு உயிர் போகும். அண்ணனுக்காகக்கூட நிறுத்த முடியாது. நிறுத்தவில்லை. உச்சியைத் தாண்டி இந்திராநகர்ப் பக்கம் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

அவர் நம்பவில்லை. அந்த வாரம் முழுக்கத் தினமும் சாயங்காலம் கயிறோடு அங்கே வந்து நின்றார். வீடு வரைக்கும் முந்தாமல் பின்னாலேயே வருவார். எத்தனை சவாரியை விட்டாரோ. நானும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்தபோது, முருங்கை மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே அந்தக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அண்ணன் தன் காக்கிச் சட்டையைப் பிழிந்து அதன்மேல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"துணி காயவைக்க எடமே இல்லன்னு உங்க அண்ணி சொல்லிக்கினே இருந்தா" என்றார், என் பக்கம் திரும்பாமல்.